உரிமம் மாற்றும் உரிமை: பெர்க்லி நிரல்கள் முதல் தமிழ் விக்கிப்பீடியா வரை

நியூ ஜெர்சி மாநிலத்து மரே ஹில்லில் உள்ள பெல் ஆய்வகத்தில் 1969ஆம் ஆண்டு தோன்றிய யுனிக்ஸ் இயக்குதளம், 1970களில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தை அடைந்து, அங்குள்ள மாணவராலும் ஆய்வாளராலும் பெரிதும் விரிவாக்கப்பட்டது. ஆயினும் அடிப்படை நிரல் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் உடைமையாகவே நின்றமையால், பெர்க்லியின் ஆக்கத்தைப் பெற விழைந்தோர் முதலில் அந்நிறுவனத்திடம் உரிமம் பெற வேண்டியிருந்தது.

இத்தளையை அறுக்க முனைந்தவர் கீத் பாஸ்டிக். யுனிக்ஸின் பயன்பாட்டு நிரல்களை, மூலநிரலைப் பாராது, வெளியான விளக்கங்களை மட்டும் கொண்டு புதிதாக எழுதித் தருமாறு அவர் பலரையும் வேண்டினார். கைம்மாறாகக் கிடைத்தது பங்களிப்பாளர் பட்டியலில் ஓரிடம் மட்டுமே. இவ்வுழைப்பின் பெரும்பயன் 1991இல் வெளியானது. மறு ஆண்டே ஏ.டி. அண்டு டி.யின் துணை நிறுவனம் நியூ ஜெர்சிக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பழைய யுனிக்ஸ் படிகள் பதிப்புரிமைக் குறிப்பின்றி வழங்கப்பட்டமையைச் சுட்டி, நீதிபதி டெபவாய்ஸ் 1993இல் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தார். பல்கலைக்கழகமோ கலிபோர்னியாவில் எதிர்வழக்கிட்டது. பெர்க்லி நிரலைத் தம் வெளியீட்டில் சேர்த்துக்கொண்டோர் உரிய நன்றிக்குறிப்பை இடவில்லை என்பதே அதன் குற்றச்சாட்டு. பெயரே ஊதியமாயிருந்த ஒரு முயற்சியில் இது சிறு குறையன்று. 1994இல் உடன்பாடு எட்டப்பட்டபோது, ஏறத்தாழ 18,000 கோப்புகளுள் நீக்கப்பட்டவை மூன்றே.

பெர்க்லி உரிமத்தில் ஒரு விளம்பர விதி இருந்தது: மென்பொருளைக் குறிப்பிடும் விளம்பரம் ஒவ்வொன்றும் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சுட்டுதல் வேண்டும். 1999 ஜூலை 22 அன்று பல்கலைக்கழகத் தொழில்நுட்ப உரிம அலுவலக இயக்குநர் வில்லியம் ஹாஸ்கின்ஸ் விடுத்த ஒரே அறிவிப்பால் அவ்விதி நீங்கியது. பதிப்புரிமை பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் பெயரில் இருந்தமையாலேயே இது இயன்றது. அதே விதியைத் தத்தம் பெயர் இட்டுப் படியெடுத்துக்கொண்ட நிரலர்களை அவ்வறிவிப்பு கட்டுப்படுத்தவில்லை. 1997ஆம் ஆண்டின் நெட்பிஎஸ்டி வெளியீடு ஒன்றில் ரிச்சர்ட் ஸ்டால்மன் அத்தகைய 75 நன்றிக்குறிப்புகளை எண்ணியிருந்தார்; அவற்றை நீக்க ஒவ்வொருவரின் இசைவும் தனித்தனியே தேவைப்பட்டது.

உரிமையாளர் பலராயின் நேரும் இவ்விடர்ப்பாட்டினைத் தமிழ் எழுத்தாளரும் எதிர்கொண்டனர். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரையின் பதிப்புரிமை எழுதியவரிடமே நிற்கும். பிறமொழி விக்கிப்பீடியாக்களைப் போலவே அதுவும், மென்பொருள் கையேடுகளுக்கென வகுக்கப்பட்ட குனூ ஆவண உரிமத்தைக் கொண்டிருந்தது. உலகெங்கும் பரவிய, புனைபெயரில் எழுதிய பங்களிப்பாளர் அனைவரின் ஒப்புதலையும் பெறுதல் ஆகாத செயல். எனவே கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 நவம்பரில் அவ்வுரிமத்தின் 1.3ஆம் பதிப்பை வெளியிட்டு, 2009 ஆகஸ்ட் 1 வரை படைப்பாக்கப் பொதும உரிமத்திற்கு மாற இசைவளித்தது. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள விக்கிமீடியா அறக்கட்டளை 2009 ஜூனில் அம்மாற்றத்தைச் செயற்படுத்தியது. முன்னதாக நடந்த வாக்கெடுப்பில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். எனினும் சட்டநோக்கில் மாற்றத்தைச் செல்லுபடியாக்கியது அவ்வாக்கன்று, ‘1.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு’ என எழுதுவோர் ஒவ்வொருவரும் பக்கத்தைச் சேமிக்கும்போதே ஏற்றிருந்த ஒரு தொடரே.