அந்த மண் எங்கே போனது?



நேற்று தரம் 10 வரலாற்றுப் பாடத்தில் பேச்சு ஜப்பான் பக்கம் போனது. பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "சேர், சுனாமிக்குப் பிறகு அவ்வளவு மண்ணையும் எங்க கொட்டினாங்க?" 40 நிமிடத்தில் சொல்லி முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

1923 செப்டம்பர் 1ஆம் திகதி பெரும் பூமியதிர்ச்சியும் தீயும் யோகோஹாமா நகரை அழித்தன. இடிந்த கட்டிடங்களின் கல்லையும் மண்ணையும் அள்ளிக் கடலோரத்தில் கொட்டி நிரப்பினார்கள். அந்த நிலத்தில்தான் 1930இல் யமஷித்தா பூங்கா திறக்கப்பட்டது. இன்று அங்கே உலாவுகிறவர்களின் காலடியில் பழைய யோகோஹாமா கிடக்கிறது.

2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு அப்படிச் சும்மா கொட்டவில்லை. ஏறத்தாழ 20 மில்லியன் தொன் இடிபாடு. அதற்கு மேல் கடல் கொண்டுவந்து போட்ட சேறும் மணலும் 10 மில்லியன் தொன்னளவில். அதற்குள் மரத்துண்டு, கண்ணாடி, ஓடு, துணி எல்லாம் கலந்திருந்தன. அந்த மண்ணை அப்படியே அணைக்கட்டில் போட்டால் உள்ளே இருக்கும் மரம் உக்கும். உக்கிய இடம் வெறுமையாகும். மேலே கட்டியது தாழும். கடலின் உப்பு வேறு. ஆகவே பெரிய துண்டுகளை இயந்திரத்தால் பிரித்தார்கள், அதிரும் சல்லடைகளில் சலித்தார்கள், மிஞ்சியதைக் கையால் பொறுக்கினார்கள். ஈரக் களி சல்லடையில் அப்பிக்கொள்ளும். சுண்ணாம்பு போன்றவற்றைக் கலந்து அதை உதிரவைத்தார்கள். நச்சு இருக்கிறதா என்றும் சோதித்தார்கள். புக்குஷிமாவின் ஒரு பகுதி தவிர, மூன்று வருடத்தில் வேலை முடிந்தது. அந்த மண்ணில் அநேகமாக எல்லாமே கடலணைக்கும், தாழ்ந்த நிலத்தை உயர்த்தவும், கரையோரக் காடு வளர்க்கவும் போனது.

செண்டாய் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இவனுமா என்றொரு சிறு நகரம். சுமார் 10 கிலோமீற்றர் கரையோரமாக, இடிபாட்டையும் மண்ணையும் உள்ளே வைத்துக் குன்றுகள் எழுப்பி மரம் நட்டார்கள். அலை வந்தால் வேகம் குறையும். ஆட்கள் ஓடி ஏறவும் இடமிருக்கும். 'ஆயிரம் ஆண்டு நம்பிக்கைக் குன்றுகள்' என்று பெயர்.

இடிபாடுகளை அகற்றும்போது குடும்பப் படங்களும் அல்பங்களும் வந்தன. தொண்டர்கள் அவற்றைக் கழுவி, உலர்த்தி, உரியவர்கள் தேடி வருவார்களென்று அடுக்கி வைத்தார்கள். அங்கே இன்னும் 2500 பேரளவில் காணாமற்போனவர்களாகவே இருக்கிறார்கள். அப்படியிருக்க, சலிப்பதை வெறும் பொறியியல் வேலையென்று என்னால் பார்க்க முடியவில்லை.

2004இல் நம் கரையில் நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெக்கோ வழித்தது, டிப்பர் ஏற்றியது, களப்போரத்திலும் பள்ளங்களிலும் கொட்டியது. மையித்துகளை அடக்கவே நேரம் போதாத நாட்கள் அவை, ஆளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் மூன்று மாதம் கழித்து அப்படியொரு குவியலில் என் உம்மாவின் தையல் மெஷின் தலையைக் கண்டேன். துருவேறி, பாதி சேற்றுக்குள். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, எண்ணெய் போட உட்கார்ந்தார்.

அந்த மாணவனின் கேள்விக்கு நம்மூர்ப் பதிலை நான் இன்னும் சொல்லவில்லை. உங்கள் வீதியில் அள்ளிய மண் எந்த வளவுக்குப் போனது, அதன்மேல் இப்போது என்ன நிற்கிறது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.