வாக்குரிமையும் வாலிபர் காங்கிரசும்

அரசியல் முதியோர்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. யாழ்ப்பாண வரலாறோ அதனை மறுத்துரைக்கின்றது. 1924 ஆம் ஆண்டில் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கத்தின் முன்னோடி, மானிப்பாயைச் சேர்ந்த ஹண்டி பேரின்பநாயகம் ஆவார். பூரண சுயராச்சியம், இன ஒற்றுமை, சாதி ஒழிப்பு, தாய்மொழிக் கல்வி என்பன அவ்விளைஞர்தம் இலட்சியங்கள். அவர்தம் அழைப்பையேற்றே 1927 இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார்.

1931 இல் டொனமூர் அரசியலமைப்பு 21 வயது நிறைந்த ஆண், பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வழங்கியது. ஆயினும், சுயராச்சியம் கிட்டவில்லை எனக் கூறி வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்திலர். 1934 வரை அவ்வாசனங்கள் வெறுமையாய்க் கிடந்தன.

கொள்கையுறுதி போற்றற்குரியதே. எனினும், முதன்முறை வாக்குரிமை பெற்ற பெண்களும் எளியோரும் அதனைப் பயன்படுத்தும் வாய்ப்பினை இழந்தனர்; அரசாங்க சபையின் நிர்வாகக் குழுக்களிலும் அவர்தம் பிரதிநிதிகள் இடம்பெற்றிலர். ஒரு தேர்தலையே நிறுத்தவல்ல ஆற்றல் சபைக்குள் புகாது நின்றமை ஈண்டுச் சிந்திக்கத்தக்கது.

1959 முதல் வாக்களிக்கும் வயது 18 ஆகும். வாக்காளர் இடாப்பிற் பெயர் பதிதல் தொடக்கம் பிரதேச சபைக்குப் போட்டியிடல் ஈறாக, வாயில்கள் திறந்துள்ளன. விலகி நின்றதன் விலையை அறிந்த நாம், அவற்றினூடே உட்புகுதல் கடனாகும்.