வெளிநாட்டுக் கல்வி ஆலோசகர்

வெளிநாட்டுக் கல்வி ஆலோசகர் என்பவர், அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்பும் மாணவர்களுக்குப் பாடத்தேர்வு, விண்ணப்பம், கட்டணம், விசா ஆகியவற்றில் வழிகாட்டுபவர். பேச்சுவழக்கில் இவர் ‘கவுன்சலர்’. இவரது அலுவலகம் ‘கன்சல்டன்சி’. இந்திய மாணவர்களுக்கு இப்பணி 1909இல் அரசு அலுவலாகத் தொடங்கியது. இதற்கான தனிப் பயிற்சியும் சான்றிதழும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்தே பரவலாயின.

தோற்றம்

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்படும்வரை சென்னை–கொழும்பு ‘போட் மெயில்’ என்ற ரயில்–கப்பல் சேவையின் பயணிகள் தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினர். கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்கும் கப்பல்கள் இருந்தன. அக்காலத்தில் சட்டமோ மருத்துவமோ படிக்கச் சீமைக்குப் போகிறவருக்கு, முன்பே போய்வந்த உறவினரோ நண்பரோதான் வழிகாட்டி.

லண்டனிலிருந்த இந்திய மாணவர்களிடையே விடுதலை உணர்வு பரவியதால், 1907இல் லீ-வார்னர் குழு அவர்கள் நிலையை விசாரித்தது. முன்பு லாகூரில் கவிஞர் இக்பாலின் ஆசிரியராக இருந்த டி.டபிள்யூ. ஆர்னால்டு, 1909இல் இம்மாணவர்களுக்கான கல்வி ஆலோசகராக அமர்த்தப்பட்டார். தங்குமிடமும் தகவலும் கிடைத்தன. ஆனால் இது வேவுபார்க்கும் ஏற்பாடு என்ற ஐயம் மாணவர்களை விட்டு நீங்கவில்லை. அரசின் அச்சத்துக்கும் காரணம் இருந்தது. சட்டம் படிக்க லண்டன் சென்ற வ.வே.சு. ஐயர், 1910இல் காவல்துறையிடமிருந்து தப்பிப் புதுச்சேரி சேர்ந்தார். அவரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற வாஞ்சிநாதன், தூத்துக்குடிப் பாதை பிரியும் மணியாச்சி சந்திப்பில் 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டார்.

ராமானுஜன் பயணம்

இந்த அரசு ஆலோசனை ஏற்பாட்டின் குறையையும் தேவையையும் ஒருசேரக் காட்டுவது கணித மேதை ராமானுஜனின் பயணம். 1913இல் அவரது கடிதத்தைக் கண்ட கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி, அவரை இங்கிலாந்துக்கு அழைக்க பிரிட்டிஷ் அரசின் இந்தியா அலுவலகத்தை அணுகினார். சென்னை மாணவர் ஆலோசனைக் குழுவின் செயலாளர் ஆர்தர் டேவிஸ் வழியாகக் கேட்டபோது, கடல் கடக்க ராமானுஜன் இசையவில்லை. அடுத்த ஆண்டு சென்னை வந்த மற்றொரு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவில், அவருடன் பழகி ஐயங்களைத் தீர்த்தார். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். இருக்கும் ஆங்கிலமே போதும். தேர்வு எழுத வேண்டியதில்லை. சைவ உணவிலேயே இருக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை தந்தது. 1914 மார்ச் 17 அன்று அவர் கப்பலேறினார். செலவு, மொழி, தேர்வு, சாப்பாடு ஆகிய நான்கும்தான் இன்றும் கவுன்சலரின் மேசைக்கு முதலில் வரும் கேள்விகள்.

இலவசத் தகவலும் கமிஷனும்

விடுதலைக்குப் பின், 1950இல் இந்திய–அமெரிக்க ஒப்பந்தத்தால் அமெரிக்கக் கல்வி அறக்கட்டளை உருவானது. அதன் ஆலோசனைப் பிரிவு பல்கலைக்கழகங்களிடம் கமிஷன் வாங்குவதில்லை. 1980இல் பிரிட்டன் அயல்நாட்டு மாணவர்களிடம் முழுக்கட்டணம் வாங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவும் அவ்வழியே சென்றது. இதனால் மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குப் பல்கலைக்கழகமே கமிஷன் தரும் முறை பெருகியது. மாணவரிடம் கட்டணம் வாங்காமல் ‘இலவச ஆலோசனை’ என்று பல கன்சல்டன்சிகளால் பலகை வைக்க முடிவது இதனால்தான். அமெரிக்காவின் 1992ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், ஆள்சேர்ப்புக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் தருவதைத் தடை செய்தது. வெளிநாடுகளில் வாழும் அயல்நாட்டு மாணவர்களைச் சேர்ப்பதற்கு மட்டும் விலக்கு அளித்தது.

பயிற்சியும் நெறிமுறையும்

இப்போது ஆஸ்திரேலியக் கல்விக்கான முகவர்களுக்குத் தேர்வுடன் கூடிய பயிற்சி உண்டு. பிரிட்டிஷ் கவுன்சிலும் முகவர்களுக்குப் பயிற்சி தருகிறது. அமெரிக்காவில் முகவர் நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்கும் அமைப்பு 2008இல் தோன்றியது. 2012இல் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அயர்லாந்து, நியூசிலாந்து ஆகியவை ‘லண்டன் அறிக்கை’ என்ற பொது நெறிமுறையை ஏற்றன. கல்விமுறை, விசா விதி, சான்றிதழ் சரிபார்ப்பு, கமிஷன் பெறுவதை மறைக்காமல் சொல்லுதல் போன்றவை இத்தகைய பயிற்சிகளின் அடிப்படைகள். 2023இல் கனடாவில் வெளிவந்த போலிச் சேர்க்கைக் கடித விவகாரம், கடிதத்தைப் பல்கலைக்கழகத்திடமே நேரடியாகச் சரிபார்க்க வேண்டியதன் அவசியத்தை உணர்த்தியது.

தமிழ்நாட்டில்

2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகள் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டுகின்றன. தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கும் மீன்வளக் கல்லூரியின் பட்டதாரி முதுநிலைப் படிப்புக்கு வழி கேட்பார்; பிள்ளையை மருத்துவத்துக்கு அனுப்ப நினைக்கும் தாய், “அங்க படிச்சா இங்க டாக்டரா வேல பாக்க முடியுமா?” என்று கேட்பார். இருவருக்கும் ஒரே பதில் உதவாது. வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு நீட் தகுதி வேண்டும். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி படிப்பு ஆங்கிலவழியில் குறைந்தது 54 மாதங்களும், அதே நிறுவனத்தில் பயிற்சி மருத்துவம் 12 மாதங்களும் இருக்க வேண்டும். படிப்பை முடித்துத் திரும்பிய பிறகு இவ்விதி தெரியவந்தால், போன ஆண்டுகளைத் திரும்பப் பெற வழியில்லை.