ஒரு டிஸ்க், இரண்டு குடித்தனம்

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கம் பழைய நீள வீடுகளைப் பார்த்தவர்களுக்கு 'போர்ஷன்' என்ற வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. வாசல் ஒன்றுதான். உள்ளே நடுவில் ஒரு தடுப்பு, முன்பக்கம் ஒரு குடும்பம், பின்பக்கம் ஒரு குடும்பம். கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் பார்ட்டிஷன் என்பதும் இதேதான். தட்டு ஒன்று, குடித்தனம் இரண்டு. பிரச்னை எப்போது வருகிறது என்றால், குடியிருப்பவர்களைக் காலி செய்யாமல் நடுச்சுவரை நாலு அடி தள்ளி வைக்க நினைக்கும்போது!

இந்தச் சுவர் சமாச்சாரம் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான மாணவர்களின் கைக்கு 2011ல் வந்து சேர்ந்தது. அந்தக் கதைக்குத் திருச்சியோடு நெருங்கிய தொடர்பு உண்டு. அதற்கு முன்னால் சுவரை முதலில் யார் கட்டினார்கள் என்று பார்த்துவிடலாம்.

ஐபிஎம் நிறுவனம் 1956ல் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதில் அடங்குவது சந்தேகம். அப்போது பிரித்துக் கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. 1983ல் அதே ஐபிஎம்மின் பிசி எக்ஸ்டி வந்தது. அதில் 10 எம்பி டிஸ்க். கூடவே டாஸ் 2.0. அந்தக் காலத்தில் டாஸ்தான் ஜெயிக்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. சிபி/எம், ஜெனிக்ஸ் என்று போட்டிக்கு ஆள் இருந்தது. எனவே ஒரே டிஸ்க்கில் ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்கள் குடியிருக்க வசதியாக, டிஸ்க்கின் முதல் செக்டாரில் ஒரு பட்டா எழுதி வைத்தார்கள். செக்டார் 512 பைட். அதில் பட்டாவுக்கு 64 பைட். ஒரு போர்ஷனுக்கு 16 பைட் வீதம் நாலே நாலு போர்ஷன். அந்த 64 பைட் அழிந்தால் டிஸ்க்கில் உள்ள எல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் எது எங்கே என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பத்திரம் தொலைந்த வீடு மாதிரி.

இந்த நாலு என்ற எண்ணிக்கையை மறந்துவிடாதீர்கள். இருபத்தெட்டு வருடம் கழித்து அது கழுத்தைப் பிடிக்கப் போகிறது.

ஆரம்பத்தில் பலர் பிரித்தது ஆசைப்பட்டு அல்ல, வேறு வழியில்லாமல். டாஸ் 65,536 செக்டார்களுக்கு மேல் எண்ணாது. அதை 512ஆல் பெருக்கினால் 32 எம்பி. 40 எம்பி டிஸ்க் வாங்கியவர் மீதி 8 எம்பியை என்ன செய்வது? 1987ல் வந்த டாஸ் 3.3 'எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன்' என்று ஒரு உபாயம் சொன்னது. ஒரு பெரிய போர்ஷனுக்குள் பல சின்ன அறைகள். (ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடிக்கு எழுந்து முடிந்ததும் அதே 1987ல்தான். உலகம் பல வேகத்தில் நடக்கிறது.)

பிறகு எல்லை 2 ஜிபிக்கு உயர்ந்தது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை அதிகம். 2 ஜிபி போர்ஷனில் எந்தக் கோப்புக்கும் குறைந்தது 32 கேபி இடம் ஒதுக்கப்படும். ஒரு கேபி அளவில் ஆயிரம் கோப்புகள் வைத்திருந்தால், ஒரு எம்பி சரக்குக்கு 32 எம்பி இடம் காலி. எனவே விவரம் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே சின்னச் சின்னதாகப் பிரித்துக்கொண்டார்கள். சி, டி, ஈ என்று டிரைவ் பிரிக்கும் பழக்கம் வேரூன்ற இதுவும் ஒரு காரணம். 1996ல் ஃபேட்32 வந்து அந்த வீணடிப்பைக் குறைத்தது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. நம்மூரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர் 'எத்தனை டிரைவ் போடணும்?' என்று கேட்காமல் இருந்ததுண்டா?

எல்லாம் சரி, ஒருமுறை பிரித்த பிறகு மாற்ற முடியுமா? டாஸ் கொடுத்த கருவி எஃப்டிஸ்க். அதற்குத் தெரிந்தது இடிப்பதும் புதிதாகக் கட்டுவதும் மட்டுமே. உள்ளே இருந்தவை போச்சு. இதற்கு மருந்து கண்டவர்கள் இரண்டு தரப்பு. 1990களில் லினக்ஸ் குறுந்தட்டுகளோடு ஃபிப்ஸ் என்ற சின்ன இலவச நிரல் வந்தது. விண்டோஸ் போர்ஷனை அழிக்காமல் இரண்டாக வெட்டித் தரும். இன்னொன்று அமெரிக்காவின் பவர்குவெஸ்ட் விற்ற பார்ட்டிஷன் மேஜிக். காசு கொடுத்து வாங்க வேண்டியது. நம் ஊரில் எத்தனை பேர் காசு கொடுத்தார்கள் என்பதை விட்டுவிடுவோம். 2003ல் அந்த நிறுவனத்தை சைமன்டெக் வாங்கியது, கொஞ்ச வருடத்தில் மேஜிக் நின்றுபோனது. அந்த இடத்தை இலவச ஜிபார்ட்டட் பிடித்துக்கொண்டது. விஸ்டாவிலிருந்து விண்டோஸே சுருக்கவும் விரிக்கவும் கற்றுக்கொண்டது.

மேஜிக் என்று பெயர் வைத்தாலும் உள்ளே நடப்பது மூட்டை தூக்கும் வேலைதான். சுவரைத் தள்ளப் போகிற பகுதியில் இருக்கும் கோப்புகளை முதலில் உள்பக்கம் நகர்த்த வேண்டும். பிறகு கோப்பு முறையின் கணக்குப் புத்தகத்தில் அளவைக் குறைக்க வேண்டும். கடைசியாகத்தான் பட்டாவில் எல்லையைத் திருத்த வேண்டும். பெரிதாக்கும்போது வரிசை தலைகீழ். முதலில் பட்டா, பிறகு கணக்கு. வரிசை மாறினால் ஆட்கள் சுவருக்கு வெளியே நிற்பார்கள். போர்ஷனின் தொடக்க எல்லையையே நகர்த்துவதென்றால் இன்னும் மோசம். உள்ளே உள்ள மொத்த சாமானையும் தூக்கி வைக்க வேண்டும், மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போனால்?

தட்டுக்குள்ளே எங்கே எது என்பதும் சுவாரசியம். ஸ்ரீரங்கம் கோவிலுக்கு ஏழு பிராகாரம். உள்ளே போகப் போகச் சுற்று சிறிதாகும். வெளியே அடையவளஞ்சானில் எத்தனையோ வீடுகள் வரிசையாக நிற்கின்றன, உள்சுற்றுகளில் அவ்வளவு இடமில்லை. டிஸ்க்கின் தடங்களும் அப்படித்தான். வெளிச் சுற்றில் அதிக செக்டார்கள். ஒரே வேகத்தில் சுழல்வதால் ஒரு சுற்றில் வெளித்தடத்திலிருந்து அதிகம் படிக்கலாம். எண்ணிக்கை வெளியிலிருந்துதான் தொடங்குகிறது. முதல் போர்ஷனான சி டிரைவ் கொஞ்சம் வேகமாக இருப்பதன் ரகசியம் அதுதான்.

இப்போது திருச்சிக்கு வருவோம். 2011 மார்ச்சில் ஜெயலலிதா ஸ்ரீரங்கம் தொகுதியில் மனுத்தாக்கல் செய்தார். அ.தி.மு.க. தேர்தல் அறிக்கையைத் திருச்சியில் வெளியிட்டார். அதில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் என்ற வாக்குறுதி இருந்தது. மே மாதம் ஸ்ரீரங்கத்தின் எம்.எல்.ஏ.வே முதலமைச்சர் ஆனார். செப்டம்பர் 15ம் தேதி திருவள்ளூர் மாவட்டத்தில் திட்டம் தொடங்கியது. முதல் வருட இலக்கு மட்டும் 9.12 லட்சம் லேப்டாப். வாங்கியது எல்காட். அந்த லேப்டாப்பின் 320 ஜிபி டிஸ்க்கில் இரண்டு குடித்தனம் வைத்தார்கள். ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், இன்னொன்று பாஸ் லினக்ஸ்.

பாஸ் என்பது சென்னையில் சி-டாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ். அதன் பின்னால் இருந்த தேசிய திறமூல மென்பொருள் மையத்தில் சி-டாக்குக்குப் பங்காளி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏயு-கேபிசி ஆய்வு மையம். அந்த எம்.ஐ.டி.யில் படித்த இருவர், அதற்கு முன் திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர்கள். ஒருவர் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா, கம்ப்யூட்டரைத் தமிழில் பேச வைத்தவர். மற்றவர் அப்துல் கலாம். ஜனாதிபதியாக இருந்தபோது 2003 மே மாதம் புனேயில் ஒரு கல்வி நிறுவன விழாவில், இந்தியா திறமூல மென்பொருளைப் பின்பற்ற வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். எட்டு வருடத்தில் அது பள்ளி மாணவனின் டிஸ்க்கில் ஒரு போர்ஷனாக வந்து உட்கார்ந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் முழுப் பொய் இல்லை.

வந்து உட்கார்ந்ததை மாணவர்கள் எப்படி நடத்தினார்கள்? ஸ்டார்ட்டர் பதிப்பில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. பாஸ் லினக்ஸில் எல்லாம் மாற்றலாம், தமிழும் உண்டு, ஆனால் சொல்லித்தர ஆள் குறைவு. விளைவு, பலர் லினக்ஸைக் 'காலி இடம்' என்றே பார்த்தார்கள். சினிமா வைக்க இடம் வேண்டும். விண்டோஸிலிருந்து அந்தப் போர்ஷனை டெலிட் செய்தார்கள். மறுநாள் லேப்டாப்பைத் திறந்தால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற ஒற்றை வரி. காரணம் எளிது. இரண்டு வீட்டுக்கும் வாசல் காக்கும் கிரப்பின் தலை டிஸ்க்கின் முதல் செக்டாரில், உடம்பு லினக்ஸ் போர்ஷனில். உடம்பை அழித்த பிறகு தலை மட்டும் என்ன செய்யும்? விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, கதவுதான் திறக்கவில்லை. இது தெரியாமல் 'சிஸ்டம் போச்சு' என்று மொத்தத்தையும் ஃபார்மட் செய்து, நன்றாக இருந்த பிராஜெக்ட் கோப்புகளையும் சேர்த்துக் கொளுத்தியதுதான் கொடுமை.

இன்னொரு பொறி அந்த 1983ம் வருடத்து நாலு. விண்டோஸ் 7 தனக்கென்று 100 எம்பியில் ஒரு ரகசிய அறை வைத்துக்கொள்ளும். அதன்பின் சி டிரைவ். லினக்ஸுக்கு ஒன்றோ இரண்டோ. இருக்கிற நாலு பட்டாவும் தீர்ந்த டிஸ்க்கில் புதிதாக ஒரு டிரைவ் கேட்டால், 'டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா?' என்று விண்டோஸ் கேட்கும். யெஸ் அழுத்தாதவர் யார்? மாற்றிய பின் லினக்ஸ் கிளம்பாமல் போகலாம், திரும்பி வரும் வழி சுலபமில்லை.

போதாக்குறைக்கு 2012. சென்னை தவிர்த்த மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த வருடம். திருச்சியும் தப்பவில்லை. மேஜைக் கம்ப்யூட்டரில் சுவர் நகர்த்துவது அப்போது தற்கொலைக்குச் சமம். லேப்டாப்புக்கு பேட்டரி இருந்தது பெரிய புண்ணியம். ஆனால் மூன்று மணி நேர வேலையை இரண்டு மணி நேர பேட்டரியில் தொடங்குபவரை யாரும் காப்பாற்ற முடியாது.

2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, தமிழக அரசு தன் அலுவலகங்களை பாஸ் லினக்ஸைப் பயன்படுத்தச் சொன்னது. 2020 ஜனவரி 14ம் தேதி விண்டோஸ் 7க்கும் ஆதரவு நின்றது. புதிய கம்ப்யூட்டர்களில் நாலு பட்டா முறையும் போய், 128 போர்ஷன் வரை தாங்கும் ஜிபிடி வந்துவிட்டது. 2 ஜிபி ராம் உள்ள அந்தப் பழைய லேப்டாப்புகளில் இன்னும் உயிரோடு இருப்பவற்றை இணையத்தில் பத்திரமாக ஓட்ட வேண்டுமென்றால் லினக்ஸ்தான் வழி. ஜிபார்ட்டடைத் திறந்து, இந்த முறை விண்டோஸ் போர்ஷனைச் சுருக்க வேண்டும்.