நீராவி ரயிலை போட்டோ எடுக்கப் போறீங்களா? எவ்வளவு தூரம் தள்ளி நிற்கணும்? ‘எம்ப்ரஸ்’ விபத்து சொல்வது என்ன?

2024 ஜூன் 3. மெக்சிகோவின் ஹிடால்கோ மாநிலத்தில் பழைய நீராவி ரயில் ஒன்றைப் பார்க்க தண்டவாளம் ஓரமாக மக்கள் திரண்டிருந்தனர். இன்ஜின் நெருங்கிய நேரத்தில், ஓரத்தில் மண்டியிட்டு செல்ஃபி எடுக்க முயன்ற இளம்பெண்ணின் தலையில் அது மோதியது. அவர் அந்த இடத்திலேயே உயிரிழந்தார்.

அவர் தண்டவாளத்தின் மேல் நிற்கவில்லை, பக்கத்தில்தான் இருந்தார். அப்புறம் எப்படி மோதியது?

அது என்ன ரயில்?

‘எம்ப்ரஸ்’ என்று அழைக்கப்படும் 2816-ம் எண் இன்ஜின் 1930-ல் கனடாவின் மாண்ட்ரியலில் தயாரானது. 1960-ல் ஓய்வு பெற்றது. அதன் பழைய உரிமையாளரான கனேடியன் பசிபிக் நிறுவனமே 1998-ல் அதை மீண்டும் வாங்கி, புதுப்பித்து, 2001-ல் ஓட வைத்தது.

2023-ல் இந்த நிறுவனமும் கன்சாஸ் சிட்டி சதர்ன் நிறுவனமும் இணைந்தன. கனடா, அமெரிக்கா, மெக்சிகோ ஆகிய 3 நாடுகளும் ஒரே ரயில் நிறுவனத்தின் பாதையில் வந்தன. அதைக் கொண்டாடவே 2024-ல் கனடாவின் கால்கரியில் இருந்து மெக்சிகோ சிட்டி வரை எம்ப்ரஸ் பயணம் செய்தது.

பக்கத்தில் நின்றாலும் ஏன் ஆபத்து?

இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம் 1,435 மில்லிமீட்டர். ஆனா இன்ஜின் சுமார் 3 மீட்டர் அகலம். அதாவது, ஒவ்வொரு பக்கமும் முக்கால் மீட்டர் அளவுக்கு இன்ஜின் வெளியே நீட்டிக்கொண்டு வரும். தண்டவாளத்தை வைத்து தூரத்தைக் கணக்கிட்டால் தப்பாகிவிடும்.

இன்னொரு காரணம் செல்போன். அதன் அகலக்கோண லென்ஸில் பக்கத்தில் இருக்கும் பொருளும் தள்ளி இருப்பது போலவே தெரியும். செல்ஃபி எடுக்கும்போது ரயில் நம் முதுகுப் பக்கம் வருவதால் நிலைமை இன்னும் மோசம்.

நின்ற இன்ஜின் கிளம்பும்போது சிலிண்டரில் தேங்கிய தண்ணீரை வெளியேற்ற, பக்கவாட்டில் கொதிக்கும் நீராவியைப் பீய்ச்சும். நின்றுதானே இருக்கு என்று ஒட்டி நிற்பதும் ஆபத்துதான்.

விபத்துக்குப் பிறகு, தண்டவாளத்தில் இருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்குமாறு ரயில் நிறுவனம் கேட்டுக்கொண்டது.

தள்ளி நின்றால் படம் நல்லா வருமா?

உண்மையில் இன்னும் நல்லா வரும்.

● கிட்டப் போவதற்குப் பதில் போனில் 2x அல்லது 3x ஜூம் பயன்படுத்துங்க. இன்ஜின், புகை, பெட்டிகள் எல்லாம் ஒரே ஃபிரேமில் அடங்கும்.

● வளைவின் உள்பக்கம் பாதுகாப்பான இடம் இருந்தால் முழு ரயிலும் தெரியும்.

● குளிர்ந்த காலை நேரத்தில் நீராவி வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரியும். ஏற்றத்தில் இன்ஜின் திணறி ஏறும்போது புகை அதிகம்.

● கறுப்பு இன்ஜினைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நீராவி வெளுத்துப்போகும். திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைங்க.

● ஓடும் ரயில் கலங்காமல் இருக்க ஷட்டர் வேகம் 1/500 நொடி அல்லது அதைவிட வேகமாக இருக்கட்டும்.

● ஃபிளாஷ் வேண்டாம். ஓட்டுநரின் கண் கூசும்.

நம்ம ஊரில்?

மேட்டுப்பாளையம் - குன்னூர் மலைப்பாதையில் இன்றும் நீராவி இன்ஜின் ஓடுகிறது. 1855-ல் தயாரான இஐஆர்-21 இன்ஜினை 2010-ல் ஓட வைத்தது சென்னை பெரம்பூர் பணிமனை. இப்படிப்பட்ட ரயில்களைப் படம் எடுக்க நடைமேடையின் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்பதே பாதுகாப்பு. அனுமதியில்லாமல் தண்டவாளப் பகுதிக்குள் நுழைவது 1989 ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி குற்றம்.

இரட்டைப் பாதை என்றால் கூடுதல் கவனம் தேவை. எல்லோரும் நீராவி இன்ஜினையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த தண்டவாளத்தில் வேறொரு ரயில் வரலாம். அதன் சத்தம் விசில் ஒலியில் கேட்காமலே போகலாம். குழந்தைகளோடு போனால் ஒருவர் படம் எடுக்கட்டும், இன்னொருவர் அவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.