மதிலுக்கு வெளியே விளைந்த வரலாறு

பெரம்பூரில் ‘பின்னி மில்’ என்று ஊரார் சொல்வது உண்மையில் இரண்டு ஆலைகளை. பக்கிங்காம் ஆலைக்கு 1876இலும் கர்நாடிக் ஆலைக்கு 1881இலும் கம்பெனிகள் அமைந்தன. 1920இல் அவை ஒன்றாயின. நிலையான சாயமேற்றிய காக்கித் துணி இவ்வாலைகளுக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு என்று சுற்றுப்புறம் முழுவதும் ஆலைச் சங்கின் ஒலிக்கேற்ப எழுந்து உறங்கியது.

இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சி ஆலைக்குள் நடக்கவில்லை. வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்றொரு வைணவ பக்தி சபையை கோ. செல்வபதி செட்டியாரும் கோ. இராமாநுஜுலு நாயுடுவும் அங்கே நடத்திவந்தார்கள். வேலை முடிந்து சொற்பொழிவு கேட்க வந்த தொழிலாளர்கள் அரை மணி நேரத்தில் சாப்பிட்டு எழ வேண்டிய அவதியையும் மேஸ்திரிகளின் அடியையும் ஏச்சையும் அவ்விருவரிடமும் சொல்லி ஆற்றினார்கள். கேட்டவர்கள் கேட்டதோடு நிற்கவில்லை. திரு.வி.க. அங்கே வந்து பேசினார். பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியாவைத் தேடிச் சென்று அழைத்து வந்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. முறையாக அமைந்த இந்தியத் தொழிற்சங்கங்களில் இதையே முதலாவதாக அறிஞர் பலர் கொள்கின்றனர். கூலிப் பேச்சு பக்தி மேடையின் நிழலில் முளைத்ததை நம் சமூக வரலாற்றின் அரிய செய்தியாகவே நான் கருதுகிறேன்.

சங்கத்தை எதிர்த்துக் கம்பெனி நீதிமன்றத்துக்குப் போனது. 1920இல் சென்னை உயர் நீதிமன்றம் சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை பிறப்பித்தது. வாடியா சங்கத்தை விட்டு விலகினால்தான் சமரசம் என்ற நிலை வந்தது, அவர் விலகினார். தொழிலாளரைத் திரட்டுவதே சட்டத்தின் முன் குற்றம்போல் ஆகிவிட்டதைக் கண்டுதான் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்ற குரல் மத்திய சட்டசபையில் எழுந்தது. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் வேர் பெரம்பூரில் இருக்கிறது.

1921ஆம் ஆண்டின் கதையையும் மறைக்காமல் எழுத வேண்டும். அவ்வாண்டு மே மாதம் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். கையிருப்பே இல்லாத குடும்பங்கள், மாதக்கணக்கில் எப்படித் தாங்கும்? அவர்களுக்கு அரணாக நின்றவர் ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சங்கத்தின் பெருமையைப் பேசும் மலர்கள் இந்தப் பக்கத்தை விரைந்து கடந்துவிடுகின்றன. ஆலை வாசலில் ஒன்றாக நின்றவர்களைச் சேரிக்கும் தெருவுக்கும் இடையிலிருந்த பழைய கோடு பிரித்தது என்பதைச் சொல்லாத வரலாறு அரை வரலாறே.

1996இல் ஆலை மூடப்பட்டது. ஆளற்ற கொட்டகைகளில் சில காலம் சினிமாப் படப்பிடிப்பு நடந்தது. இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடிகளும் வணிக வளாகமும் எழுகின்றன. நகரம் வளரத்தான் வேண்டும்; பாழடைந்த கொட்டகையைக் காலமெல்லாம் காத்திருக்கச் சொல்வதில் நியாயமில்லை. ஆனால் மறுசீரமைப்பு என்ற சொல் மதிலுக்குள் இருக்கும் நிலத்தோடு நின்றுவிடுகிறது. நிலத்துக்கு மதிப்பு வந்தது தலைமுறை தலைமுறையாக மதிலுக்கு வெளியே வாழ்ந்தவர்களின் உழைப்பால். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஓட்டேரி நல்லா கால்வாய்க் கரையில் இன்றும் மழைக்கு அஞ்சி வாழ்கிறார்கள். புளியந்தோப்பு கேசவப்பிள்ளை பூங்காவில் ஏழைகளுக்கென எழுப்பிய புதுக் குடியிருப்பில், கை பட்டதும் சுவர்ப்பூச்சு உதிர்ந்த செய்தி 2021இல் சட்டமன்றம் வரை சென்றது.

ஆலை நிலத்தில் பழைய கட்டடம் எதையேனும் காப்பதானால் அதில் துணியையும் தறியையும் மட்டும் காட்டினால் போதாது. சபையில் கூடியவர்களின் கதையும் 1921இல் வீடிழந்தவர்களின் கதையும் ஒரே கூரையின் கீழ் இடம்பெற வேண்டும். ஆலையில் உழைத்த முதியவர்கள் சிலரேனும் நம்மிடையே இருக்கும்போதே அவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யும் பணியைத் தொழிற்சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் இந்த ஆண்டே தொடங்கலாம்.