சேது பந்தனமும் பெரியாறு அணையும்

சென்ற முறை கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு மலைப்பாதையில் ஏறியபோது, ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கீழே பார்த்தேன். திராட்சைத் தோட்டங்களும் நெல்வயல்களுமாகக் கம்பம் பள்ளத்தாக்கு பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்தது. மேற்கே ஓடிய பெரியாற்றைக் கிழக்கே திருப்பியதன் பலன் அது. என் மனம் உடனே ஸ்ரீமத் ராமாயணத்தின் சேது பந்தனத்துக்குச் சென்றது.

நளனுக்கு அணை கட்டும் திறமை உண்டென்பதை ஸ்ரீராமருக்குச் சொன்னவன் சமுத்திரராஜன். யாரும் கேட்காததால் தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்ளவில்லை என்கிறான் நளன். பிறகு வேலைப் பங்கீட்டைப் பாருங்கள். சிலர் மரங்களும் பாறைகளும் கொண்டுவர, சிலர் நூல் பிடித்து நேர் பார்க்க, சிலர் அளவுகோல் பிடித்து நின்றார்கள். முதல் நாள் 14 யோஜனை. அடுத்தடுத்த நாட்களில் 20, 21, 22, 23. ஐந்தே நாளில் 100 யோஜனை! கை பழகப் பழக வேகம் கூடியது என்று வால்மீகி கணக்கோடு காட்டுகிறார்.

பெரியாற்றிலோ ஐந்து நாளில் முடியவில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் திட்டம் வேகம் பெற்றது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சார்பில் திவான் ராமய்யங்கார் 999 வருஷக் குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1887-ல் பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் பணி தொடங்கியது. தற்காலிகக் கரைகளை வெள்ளம் அடித்துச் சென்றது. மலேரியாவும் காலராவும் பலரைப் பலி கொண்டன. ஆனாலும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு அணை எழுந்தது, மலையைக் குடைந்து சுரங்கம் வந்தது. 1895-ல் தண்ணீர் வைகைப் பக்கம் பாய்ந்தது.

2013-ல் லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது, மிகவும் நியாயம். கல் சுமந்து காய்ச்சலில் மாண்டவர்களின் பெயர்களோ பெரும்பாலும் நமக்குத் தெரியாது. சேதுவிலும் நளன் பெயர் நிற்கிறது. நூல் பிடித்தவனின் பெயர் இல்லை.

நம் கிளைகளில் நடப்பதும் இதுதானே? நாலு பேரே எல்லாவற்றையும் சுமக்கிறார்கள்; அவர்கள் ஓய்ந்தால் கிளையும் ஓய்கிறது. கூட்டத்தின் கடைசி வரிசையில் கேட்டால் மட்டுமே பேசும் நளன் ஒருவர் இருப்பார். பொறுப்பாளர்கள் அவரிடம் போய்க் கேட்க வேண்டும். விழா மலரில் நன்கொடையாளர் பெயருடன், பந்தி பரிமாறியவர், நாற்காலி போட்டவர் பெயரையும் அச்சிடுவோம். அடுத்த விழாவுக்கு அவர்கள் கூப்பிடாமலே வருவார்கள்.